கடலூர்க்காரன் கப்பலேறிப் பாண்டிச்சேரி போன கதை: ஒரு பகல் நிறுத்தத்துக்கு விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். அங்கிருந்து பாண்டிச்சேரி சுமார் 22 கிலோமீட்டர். பஸ் ஸ்டாண்டில் "பாண்டி பாண்டி பாண்டி" என்று கூவிக்கொண்டே வண்டிகள் நிற்கும், ஏறி உட்கார்ந்தால் ரெட்டிச்சாவடி, கன்னியக்கோவில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஒரு குட்டித் தூக்கம் போடுவதற்குள் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். ஜிப்மருக்கு யாரையாவது கூட்டிப்போக, துணி எடுக்க, வண்டிக்கு பெட்ரோல் போட என்று மாசத்துக்கு ரெண்டு முறையாவது போய்வருகிற ஊர். அப்படிப்பட்ட நான் விசாகப்பட்டினம் வரை ரயிலில் போய், அங்கே கப்பலேறி, ரெண்டு ராத்திரி கடலில் மிதந்து, பாண்டிச்சேரியில் சுற்றுலாப் பயணியாக இறங்கினேன். எங்கள் தெரு டீக்கடையில் இதைக் கேட்டு ஆரம்பித்த சிரிப்பு இன்னும் ஓயவில்லை.

விஷயம் இதுதான். மாமாவுக்கு, அதாவது என் மனைவியின் அப்பாவுக்கு, அறுபது முடிந்தது. திருக்கடையூரில் சடங்கெல்லாம் ஆன பிறகு, பெங்களூரில் வேலை பார்க்கும் மச்சினன் "அப்பா அம்மாவைக் கப்பல்ல கூட்டிட்டுப் போறேன், நீங்களும் வாங்க மாமா" என்று டிக்கெட்டே போட்டுவிட்டான். விசாகப்பட்டினத்தில் ஏறி, நடுவில் ஒரு பகல் பாண்டியில் நின்று, சென்னையில் இறங்கும் பயணம். மாமா, அத்தை, மச்சினன், என் மனைவி, பத்து வயது மகள், நான் என்று ஆறு பேர்.

கப்பலைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. சாப்பாடு நிறைய, அறை சின்னது, ராத்திரி பாட்டுச் சத்தம் அதிகம், அவ்வளவுதான். நான் எழுத வந்தது அந்த ஒரு பகல் நிறுத்தத்தைப் பற்றி. ஏனென்றால் எங்கள் வீட்டிலேயே ரெண்டு கட்சி ஆகிவிட்டது. மாமாவும் அத்தையும் கப்பலில் விற்கும் கரைச் சுற்றுலாவில் பணம் கட்டிப் போனார்கள், தலைக்கு 2,000 ரூபாய். நாங்கள் நாலு பேர் சொந்தமாகப் போனோம். ஒரே ஊர், ஒரே பகல். சாயங்காலம் கப்பலில் உட்கார்ந்து பேசும்போது ரெண்டு வேறு ஊருக்குப் போய்வந்த மாதிரி இருந்தது.

முதலில் அந்த "எட்டு மணி நேரம்" என்ற கணக்கைப் பிரித்துவிடலாம். முதல் நாள் ராத்திரி அறைக் கதவுக்கு அடியில் ஒரு தாள் செருகியிருந்தார்கள்: பாண்டிச்சேரி, காலை 8 முதல் மாலை 4 வரை, கடைசிப் படகு 3:30. படித்ததும் அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது, எட்டு மணி நேரத்தில் ஆரோவில், ஆசிரமம், கோவில், பீச், கடைத்தெரு எல்லாம் முடித்துவிடலாம் என்று. நடந்தது என்னவென்றால், பாண்டியில் பெரிய கப்பல் வந்து ஒட்டி நிற்க இடம் கிடையாது, கரையோரம் ஆழம் போதாது. கப்பல் கடலுக்குள்ளேயே நங்கூரம் போட்டு நிற்கும், நம்மை டெண்டர் என்கிற சின்னப் படகில் ஏற்றிக் கரைக்கு அனுப்புவார்கள். சுற்றுலாவுக்குப் பணம் கட்டியவர்களுக்கு முதல் படகு. மற்றவர்களுக்கு டோக்கன். எங்கள் டோக்கன் கூப்பிட்டபோது மணி 9:20. படகில் இருபத்தைந்து நிமிஷம், கரையில் பை சோதனை, ஆதார் அட்டை, ஆட்டோ பேரம் எல்லாம் முடிந்து ஊருக்குள் கால் வைத்தபோது 10:05. திரும்பும்போது 3 மணிக்குப் படகுத்துறையில் இருக்க வேண்டும் என்றால் 2:45க்கு ஊரிலிருந்து கிளம்ப வேண்டும். ஆக எட்டு மணி நேரம் என்பது தாளில் இருந்தது, கையில் கிடைத்தது நாலு மணி நாற்பது நிமிஷம்.

அந்தப் படகுப் பயணத்துக்கு மட்டும் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். வாழ்நாள் முழுக்கப் பாண்டியைத் தெற்கிலிருந்தே பார்த்தவன் நான், முருங்கப்பாக்கம் பக்கமாக உள்ளே நுழைந்துதான் பழக்கம். கிழக்கிலிருந்து, தண்ணீருக்கு மேலே இருந்து பார்க்கும்போது ஊர் வேறு மாதிரி தெரிகிறது. தட்டையாக, வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு கோடு, அதற்கு மேலே ரெண்டு மூன்று கோபுர முனை. தெற்கே கையைக் காட்டி "அந்தப் பக்கம்தான்டி நம்ம வீடு" என்று மகளிடம் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, உண்மையில் எனக்கும் தெரியவில்லை. கப்பலிலிருந்து படகுக்குக் கால் மாற்றும் இடத்தில்தான் கொஞ்சம் பயம். படகு அலைக்கு ஒரு முழம் ஏறும், ஒரு முழம் இறங்கும். வாசலில் நிற்கும் பையன் நம் முழங்கைக்குக் கீழே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, படகு மேலே வரும் நொடிக்காகக் காத்திருந்து, "இப்ப!" என்பான். அந்த "இப்ப"வுக்குத் தயங்காமல் காலை வைத்துவிட வேண்டும். தயங்கினால் படகு இறங்கிவிடும், மறுபடி காத்திருக்க வேண்டும். அத்தை ரெண்டு முறை தயங்கி மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு காலை வைத்தார்களாம், அவர்கள் முதல் படகு என்பதால் நான் பார்க்கவில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள், ஏணிப்படி மாதிரி நிதானமாக இறங்குகிற காரியம் இல்லை இது.

ஆனால் ஒன்று, பாண்டிக்கு இதுதான் பழைய வழி. இயற்கைத் துறைமுகம் இல்லாத ஊர் இது, பிரெஞ்சுக்காரன் காலத்திலும் கப்பல் தூரத்தில்தான் நிற்கும், சலங்கு என்கிற படகில்தான் ஆளும் சரக்கும் அலையைத் தாண்டிக் கரைக்கு வரும். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்கு துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள், யார் இறங்கினார்கள் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. 1910 ஏப்ரல் 4 அன்று அரவிந்தர் கல்கத்தாவிலிருந்து வந்து சேர்ந்ததும் கப்பலில்தான். அவர்களுக்கெல்லாம் 3:30க்குக் கடைசிப் படகு என்று யாரும் தாள் கொடுக்கவில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம்.

துறைமுக முகத்துவாரத்தில் ரெண்டு பக்கமும் கல் கொட்டிக் கடலுக்குள் நீட்டியிருக்கும் தடுப்புக்கு நடுவே படகு நுழைகிறது. படகில் இருந்த வெளியூர்க்காரர்கள் அதையும் போட்டோ எடுத்தார்கள். எங்கள் அப்பா இருந்திருந்தால் எழுந்து நின்று ஒரு பிரசங்கமே செய்திருப்பார். இந்தக் கடற்கரையில் வருஷத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1980களின் கடைசியில் இந்தத் தடுப்பைக் கட்டியதும் மணல் தெற்கே தேங்கிவிட்டது, வடக்கே ஊருக்கு முன்னால் இருந்த பீச் அரித்துக்கொண்டு போய்விட்டது. கடற்கரைச் சாலை ஓரம் குவிந்துகிடக்கிற கருங்கல்லெல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான். அப்பா சின்ன வயதில் மணலில் கபடி ஆடிய இடத்தில் இப்போது பாறைமேல் உட்கார்ந்து செல்ஃபி எடுக்கிறார்கள். சில வருஷங்களுக்கு முன் தலைமைச் செயலகம் பக்கம் கடலுக்குள் செயற்கைத் திட்டு ஒன்று அமைத்த பிறகு அங்கே மட்டும் மறுபடி மணல் சேர்ந்திருக்கிறது. "பிரெஞ்சு பீச்" என்று பார்க்கப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற மாட்டார்கள்.

சரி, ஊருக்குள் வருவோம்.

உள்ளூர்க்காரன் என்பதால் எனக்கு ஒரு விஷயம் தெரியும், அதை வைத்துத்தான் நாள் முழுக்கத் திட்டம் போட்டேன். பாண்டி மத்தியானம் மூடிக்கொள்கிற ஊர். ஆசிரமம் 12 மணிக்கு மூடினால் 2 மணிக்குத்தான் மறுபடி திறக்கும். மணக்குள விநாயகர் கோவில் நடை பன்னிரண்டரை வாக்கில் சாத்தினால் 4 மணி. கடைகளிலும் பாதிக்கு மேல் ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு நாலு மணிக்குத் தூக்குவார்கள், சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வந்து வியாபாரம் பார்க்கிற பழக்கம். கப்பல் நிறுத்தமோ பத்திலிருந்து மூன்று வரை. அதாவது ஊர் தூங்குகிற நேரம்தான் நமக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் கதவு உள்ள இடத்தையெல்லாம் பன்னிரண்டுக்குள் முடித்துவிட வேண்டும், கதவே இல்லாத இடத்தை (தெரு, கடற்கரை, மார்க்கெட், சாப்பாடு) அதற்குப் பிறகு வைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் போதும், வேறு வழிகாட்டி தேவையில்லை.

படகுத்துறை வாசலில் ஆட்டோக்காரர் 400 சொன்னார். "அண்ணே, நான் கடலூரு" என்றேன். ஒரு நொடி என்னை மேலும் கீழும் பார்த்தார், கழுத்தில் தொங்கிய கப்பல் அட்டையைப் பார்த்தார், "கடலூரா? அப்ப ஏன் சார் கப்பல்ல வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு 200க்கு வந்தார். வழி நெடுக அதையே ரெண்டு முறை கேட்டார்.

நேரே ஆசிரமம். பீச்சில் இறக்கவா என்று கேட்டார், வேண்டாம் என்றுவிட்டேன், பீச் எங்கேயும் போகாது. ஆசிரமத்தில் பேச்சு கூடாது, செல்போனை அணைத்துவிட வேண்டும், மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளை விட மாட்டார்கள். முற்றத்தில் மரத்தடியில் அரவிந்தர், அன்னை சமாதி. பூ அலங்காரம் பார்க்கவே போகலாம், ஒவ்வொரு இதழாக வைத்துக் கோலம் மாதிரி செய்திருப்பார்கள். கப்பலில் ரெண்டு நாளாகக் காதுக்குள் பாட்டு அடித்துக்கொண்டிருந்ததற்கு அந்த இருபது நிமிஷ அமைதி மருந்து மாதிரி இருந்தது. அடுத்த தெருவிலேயே மணக்குள விநாயகர். வெள்ளிக்கிழமை, கூட்டம் இருந்தது, ஆனாலும் அரை மணிக்குள் தரிசனம் ஆகிவிட்டது. வாசலில் லட்சுமி யானை இல்லாததைப் பார்த்ததும் மகள் முகம் வாடிவிட்டது. 2022 நவம்பரில் அது இறந்தபோது பாண்டியே தெருவில் நின்று அழுதது, இவளும் அன்றைக்கு டிவி முன்னால் அழுதவள்தான். இருந்தாலும் அந்த வாசலுக்கு வந்தால் கண் தானாகத் தேடுகிறது.

அங்கிருந்து ராஜ்நிவாஸ் ஓரமாக நடந்து பாரதி பூங்கா. நடுவில் ஆயி மண்டபம், வெள்ளை வெளேரென்று. ராஜா ஒருவர் ஆயி என்கிற தாசியின் வீட்டு விளக்கொளியைப் பார்த்துக் கோவில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டார், விஷயம் தெரிந்ததும் கோபத்தில் வீட்டை இடிக்கச் சொன்னார், அவளே முன்வந்து இடித்துவிட்டு அந்த இடத்தில் குளம் வெட்டினாள், பிற்காலத்தில் அந்தக் குளத்துத் தண்ணீர்தான் முத்திரப்பாளையத்திலிருந்து பாண்டி ஊருக்கு வந்தது, அதைக் கேள்விப்பட்ட மூன்றாம் நெப்போலியன் அவளுக்கு மண்டபம் கட்டச் சொன்னான் என்று கதை. எவ்வளவு நிஜமோ, என் மனைவி சொல்லச் சொல்ல மகளோடு பக்கத்து பெஞ்சில் இருந்த ஒரு வடநாட்டுக் குடும்பமும் ஒன்றும் புரியாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

பூங்காவுக்கு எதிர்ப் பக்கமே அருங்காட்சியகம். திங்கள்கிழமை விடுமுறை, மற்ற நாள் போகலாம். நான் இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தரம்தான் உள்ளே போயிருக்கிறேன், அதுவும் பள்ளிக்கூடத்தில் வரிசையாகக் கூட்டிப்போனது. இந்த முறை ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டேன். அரிக்கமேட்டில் எடுத்த உடைந்த ஜாடித் துண்டுகள். ரோமிலிருந்து ஒயினும் எண்ணெயும் வந்த ஜாடிகள், ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தையவை, 1945ல் தொல்லியல் அறிஞர் மார்டிமர் வீலர் தோண்டிப் பார்த்த இடம். பக்கத்தில் சின்னச் சின்னக் கண்ணாடி மணிகள், கடுகு சைஸில் கூட ஓட்டை போட்டிருக்கிறான். அரிக்கமேடு நாம் ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் தாண்டுகிற அரியாங்குப்பத்து ஆற்றங்கரைதான். "அவங்களும் கப்பலை நிறுத்திட்டுத்தான் வந்தாங்களா?" என்றாள் மகள். ஆமாம் என்றேன். "எவ்வளவு நேரம் நின்னாங்க?" காற்று திரும்புகிற வரைக்கும் மாசக்கணக்கில் இருந்திருப்பார்கள் என்றேன். "நமக்கு மட்டும்தான் மூணரையா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

12:05க்குக் கடற்கரைச் சாலை. இந்த நேரத்தில் பீச்சுக்குப் போவது முட்டாள்தனம்தான், ஆனால் கப்பல்காரனுக்கு வேறு நேரம் கிடையாது. உண்மையான கடற்கரைச் சாலை என்பது சாயங்காலம் 6 மணிக்கு வண்டிகளை நிறுத்திவிட்டு ஊரே நடக்க வருகிறபோதுதான். மத்தியானம் அது வெறும் தார். காந்தி சிலை, சுற்றி நிற்கும் எட்டுக் கருங்கல் தூண் (செஞ்சியிலிருந்து கொண்டுவந்தது என்பார்கள்), எதிரே தள்ளி 1836ல் கட்டிய பழைய லைட் ஹவுஸ், கொஞ்ச தூரத்தில் முதல் உலகப்போரில் பிரான்சுக்காகச் செத்தவர்களின் நினைவிடம். பத்தே நிமிஷம், போட்டோ, ஓட்டம். நிழலுக்காக துய்மா தெரு, சுய்ஃப்ரேன் தெருப் பக்கம் திரும்பிவிட்டோம். மஞ்சள் சுவர், வெள்ளைக் கரை, மதிலுக்கு மேலே காகிதப்பூ, நீலத் தகட்டில் பிரெஞ்சிலும் தமிழிலும் தெருப் பெயர். ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் யாராவது ஒரு பெண் சேலையைச் சரிசெய்துகொண்டு, எதிரே ஒரு பையன் தெருவில் குந்தி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு. அந்த வீட்டுக்காரர்கள் எப்படித்தான் வெளியே போய் வருகிறார்களோ.

பெரும்பாலான ஆட்கள் இங்கேயே நின்றுவிடுகிறார்கள், அதுதான் தப்பு. பிரெஞ்சுப் பகுதியையும் தமிழ்ப் பகுதியையும் பிரிக்கிற பெரிய வாய்க்காலைத் தாண்டினால்தான் பாண்டியில் பாதி இருக்கிறது. நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸில் ஒரு காபி, மின்விசிறிக்கு அடியில் பத்து நிமிஷம். அப்புறம் பெரிய மார்க்கெட். பன்னிரண்டரைக்கு மீன் பக்கம் கழுவிவிட ஆரம்பித்திருந்தார்கள், ஆனாலும் ஒரு அம்மா கடைசிக் கூடைச் சங்கரா மீனை வைத்துக்கொண்டு, "வாங்கிட்டுப் போ கண்ணு, கப்பல்ல ஆக்கித் தரமாட்டானா?" என்று கழுத்து அட்டையைப் பார்த்துக் கிண்டலடித்தார். பூக்கடையில் கனகாம்பரம் ரெண்டு முழம். ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டோம். 1738ல் கட்டியது, கீழே நம்மூர் மரத்தூண், மேலே பிரெஞ்சுத் தூண்.

அந்த வீட்டுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது, சொல்கிறேன். 1761ல் இங்கிலீஷ்காரன் பாண்டியைப் பிடித்து ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினான். இன்றைக்கு வெள்ளை நகரம் என்கிற பிரெஞ்சுப் பகுதியில் நாம் பார்க்கிற வீடுகள் எல்லாம் அதற்குப் பிறகு எழுந்தவை. இடிபட்டதில் தப்பிய கட்டடங்களில் இந்தத் தமிழ் வீடு ஒன்று. மாமா போன சுற்றுலாவில் வழிகாட்டி "இந்த பில்டிங் எல்லாம் 400 வருஷப் பழசு" என்று மைக்கில் சொன்னாராம். பிரெஞ்சுக் கம்பெனி இங்கே வந்ததே 1674ல்தான், நான் வாயைத் திறக்கவில்லை, மாமாவுக்கு ஏற்கெனவே போதுமான கோபம் இருந்தது.

ஒரு மணிக்குச் சாப்பாடு. தமிழ்ப் பகுதியில் ஒரு சின்ன மெஸ், பெயர்ப் பலகையே பாதி அழிந்திருக்கும். வாழையிலை, வஞ்சிர வறுவல், சுறாப்புட்டு, மாங்காய் போட்ட மீன் குழம்பு. நாலு பேருக்கு 1,100 ரூபாய் ஆயிற்று. கப்பலில் ரெண்டு நாளாக உருளைக்கிழங்கு ஏதோ ஒரு வெள்ளைச் சாஸில் மூழ்கிக் கிடந்ததைச் சாப்பிட்டவர்களுக்கு அந்தக் குழம்பு என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. மச்சினன் மூன்றாவது முறை சோறு வாங்கினான். பிறகு வைசியாள் வீதி. தெருவோரம் தாழ்வாரம், அதற்கு உள்ளே திண்ணை, மரத்தூண், ஓட்டுக்கூரை என்று பழைய வீடுகளைப் பழுதுபார்த்து நிறுத்தியிருக்கிறார்கள், 2008ல் இதற்கு யுனெஸ்கோ விருதுகூடக் கிடைத்தது. அங்கே ஒரு திண்ணையில் கொஞ்சம் உட்கார்ந்தோம். வீட்டுக்காரப் பாட்டி எட்டிப் பார்த்தார், எழுந்துவிட்டேன். "உக்காருங்க, வழிப்போக்கர் உக்காரத்தானே கட்டிவச்சது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த இருபது நிமிஷத்தைத்தான் மகள் இப்போதும் சொல்கிறாள், காந்தி சிலையை இல்லை.

கடைசியாக ரயில் நிலையம் பக்கம் இருதய ஆண்டவர் பசிலிக்கா, துறைமுகம் போகிற வழியிலேயே வருகிறது. சிவப்பு வெள்ளையாக, உள்ளே வண்ணக் கண்ணாடி ஜன்னல். 2:45க்கு ஆட்டோ, 3 மணிக்குப் படகுத்துறை. பாரதி பத்து வருஷம் வாழ்ந்த ஊரில் அவர் வீட்டுப் பக்கம் போக முடியவில்லை, அது எனக்குக் குறைதான். ஆனால் எனக்கு அது ஒரு பஸ் டிக்கெட் தூரம், வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பூங்காவைச் சுருக்கிக்கொண்டு அங்கே போகலாம்.

இப்போது மாமா கட்சி. முதல் படகில் இறங்கியதால் 9 மணிக்கே ஏசி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். எங்களைவிட ஒரு மணி நேரம் முன்னால், அந்த ஒரு மணி நேரம் தங்கம். அதை வைத்துக்கொண்டு பஸ் எங்கே போனது? ஆரோவில். ஊரைத் தாண்டி வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், காலை நெரிசலில் ஐம்பது நிமிஷம். அங்கே வரவேற்பு மையத்திலிருந்து, மாத்ரிமந்திர் என்கிற தங்க உருண்டைத் தியான மண்டபம் தெரிகிற மேட்டுக்கு ஒரு கிலோமீட்டர் நடை. உள்ளே போக முன்பதிவு வேண்டும், சுற்றுலாக் கூட்டத்துக்கு அது கிடையாது, தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இதைக் கப்பலில் பணம் வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. படத்தில் தங்க உருண்டைக்குப் பக்கத்தில் நின்று ஒரு ஜோடி சிரிக்கிறது, அவ்வளவுதான் தெரியும். மாமா முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய், உருண்டையைப் பார்த்து, திரும்பி வர வயதானவர்களுக்கான வண்டிக்கு அரை மணி வரிசையில் நின்றிருக்கிறார்.

ஊருக்குத் திரும்பியபோது மணி 12:45. ஆசிரமம் சாத்தியாகிவிட்டது. மணக்குள விநாயகர் நடை சாத்தியாகிவிட்டது. "பூட்டின கேட்டைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன் மாப்ளே, ரெண்டாயிரம் ரூவா கும்பிடு" என்றார்கள் அத்தை. அதற்கப்புறம் உச்சி வெயிலில் காந்தி சிலைக்கு முன்னால் பத்து நிமிஷ "போட்டோ ஸ்டாப்", அதற்கப்புறம் நாற்பது நிமிஷம் ஒரு கைவினைப் பொருள் கடை. ஊரே ஷட்டரை இறக்கியிருக்கும்போது அந்தக் கடை மட்டும் எப்படித் திறந்திருந்தது என்று கேட்கக் கூடாது, வழிகாட்டி உள்ளே முதலாளியோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். சாப்பாடு அட்டைப் பெட்டியில் ரெண்டு சாண்ட்விச், ஒரு வாழைப்பழம். பாண்டிக்கு வந்துவிட்டு மீன் குழம்பு வாசனைகூடப் பார்க்காமல் திரும்பியிருக்கிறார்கள்.

இதில் என் ஆத்திரம் எல்லாம் ஒரே விஷயத்தில்தான். அதே பஸ், அதே இடங்கள், வரிசையை மட்டும் மாற்றியிருந்தால் பிழைத்திருக்கும். 9 மணிக்குக் கோவில், ஆசிரமம், அப்புறம் ஆரோவில் போயிருந்தால் அத்தைக்குத் தரிசனமும் கிடைத்திருக்கும். ஊர் எத்தனை மணிக்குத் தூங்கும் என்று தெரியாத ஒருவர், எங்கோ ஒரு அறையில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்துப் போட்ட திட்டம் அது. கப்பலில் வரவேற்பு மேஜையில் சொன்னோம். ரொம்ப மரியாதையாக ஒரு படிவம் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். மறுநாள் காலை அறைக்கு ஒரு கவர் வந்தது. பிரித்துப் பார்த்தால் மசாஜுக்கு 10 சதவீதத் தள்ளுபடி, அன்றைக்கே பயன்படுத்திக்கொள்ள வேண்டும், நாங்கள் சென்னையில் இறங்க இன்னும் ஒரு மணி நேரம்.

அவர்கள் பக்கம் நியாயம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். கப்பல் சுற்றுலா பஸ் எங்காவது மாட்டிக்கொண்டால் கப்பல் காத்திருக்கும், சொந்தமாகப் போனவனுக்குக் காத்திருக்காது. நாங்கள் 3 மணி என்று நாலு முறை கடிகாரம் பார்த்ததும் அதனால்தான். மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று எழும்பிவிடும், திரும்பும் படகு காலையைவிட நன்றாகவே ஆடும், கடைசிப் படகை நம்பி உட்காராதீர்கள். கூட வருகிறவர்களுக்கு நடக்கவே முடியாது என்றால் சுற்றுலாவை எடுக்காமல், படகுத்துறையில் ஒரு ஆட்டோவை நாலு மணி நேரத்துக்குப் பேசி வைத்துக்கொள்ளுங்கள், தலைக்கு ரெண்டாயிரம் ஆகவே ஆகாது. மது பாட்டில் வாங்கிக் கப்பலுக்குக் கொண்டுபோகலாம் என்று நினைக்காதீர்கள், பை சோதனையில் எடுத்துவிடுவார்கள், எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவர் அரை மணி நேரம் வாதாடிப் பார்த்தார். கோவில், ஆசிரமம் ரெண்டுக்கும் செருப்பைக் கழற்ற வேண்டும், மத்தியானக் கல்லில் கால் வெந்துவிடும்.

என் மார்க்: படகுப் பயணம் ஐந்துக்கு ஐந்து. பாண்டியில் நாங்களாகச் சுற்றிய நாலு மணி நாற்பது நிமிஷம் நாலரை, பாரதி வீட்டுக்காக அரை குறைத்திருக்கிறேன். கரைச் சுற்றுலா ஒன்று, அந்த ஒன்றும் பஸ்ஸில் ஏசி வேலை செய்ததற்காக.

மறுநாள் சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போகும் கடலூர் பஸ்ஸில் ஆறு பேரும் ஏறினோம். பாண்டி பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றபோது மணி நாலேகால். அத்தை கடிகாரத்தைப் பார்த்தார்கள், மாமாவைப் பார்த்தார்கள், அப்புறம் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். "என்னம்மா?" என்றான் மச்சினன். "அடுத்த பஸ்ல வரேன், நீங்க போங்க" என்றார்கள். எல்லோரும் இறங்கினோம். பெட்டிகளோடு ரெண்டு ஆட்டோ, மணக்குள விநாயகர் கோவில் தெரு முனையில் நிறுத்தினார்கள். நடை திறந்திருந்தது, சனிக்கிழமை, வரிசைகூட அதிகமில்லை. முந்தின நாள் வாங்கிய கனகாம்பரம் வாடிப்போயிருந்தது, வாசலில் அத்தை புதுசாக ஒரு முழம் வாங்கிக்கொண்டார்கள்.